கனமான சந்தோஷத்துக்கு மூன்று மதிப்பெண்

எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் தாளாளர் ஐயாவுக்கும், ஆங்கில ஆசிரியர்கள் அனைவருக்கும்,

எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளின் ஆங்கில விடைத்தாளைப் பெற்றோர் கூட்டத்தன்று பார்த்தேன். 'உங்கள் பகுதித் திருவிழா ஒன்றைப் பற்றி எழுதுக' என்ற கேள்விக்குப் பத்துக்கு மூன்று போட்டிருந்தீர்கள். மூன்று வாங்கியதற்காக மடல் எழுதுகிறவள் நான் இல்லை. கணக்கில் அவள் அதைவிடக் குறைவாகவும் வாங்கியிருக்கிறாள், நான் வாயைத் திறந்ததில்லை. என்னை எழுத வைத்தது ஒரு சொல்லைச் சுற்றி நீங்கள் போட்டிருந்த சிவப்பு வட்டமும், அதன் ஓரத்தில் எழுதியிருந்த குறிப்பும்தான்.

வட்டத்துக்குள் இருந்த சொல் 'ஹெவி'. ஓரக் குறிப்பு: 'ஹேப்பினஸ் கெனாட் பி ஹெவி. யூஸ் வேர்ட்ஸ் ஃப்ரம் த லிஸ்ட்.'

அது போதாதென்று மறு வாரமே சுற்றறிக்கை வந்தது. இனிமேல் கட்டுரைகளில் கொண்டாட்ட மனநிலையைச் சொல்ல, பள்ளி அச்சிட்டுக் கொடுத்த பட்டியலில் உள்ள பெயரடைகளை மட்டும்தான் பயன்படுத்த வேண்டுமாம். வெளியே இருந்து எழுதினால் பாதி மதிப்பெண் போய்விடுமாம். மஞ்சள் தாளில் இருபத்து நான்கு சொற்கள், தாளுக்குப் பத்து ரூபாய். அதையும் கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறேன், இப்போது பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் கணினி மையம் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், லேமினேஷன், மனு தட்டச்சு. இலங்கைக் கடற்படைக்காரர்கள் படகைப் பிடித்துவிட்டார்கள், ஆளைப் பிடித்துவிட்டார்கள் என்றால் இங்கே வந்துதான் தமிழிலும் ஆங்கிலத்திலும் மனு அடிப்பார்கள். கல்யாணப் பத்திரிகைக்கும் ஃபிளெக்ஸுக்கும் வாசகம் எழுதித் தருவதும் நான்தான். 'கிராண்ட்' என்ற சொல்லை இந்தத் தீவில் என்னைவிட அதிகம் அடித்தவர் இருக்க முடியாது. காதுகுத்துக்கும் கிராண்ட், கடை திறப்புக்கும் கிராண்ட், முப்பதாம் நாள் கருமாதிக்குக்கூட ஒருவர் கேட்டார், நான்தான் வேண்டாம் என்றேன். ஆங்கிலச் சொல்லை நான் கைகூப்பித் தள்ளி நின்று பார்க்கிறவள் இல்லை. அது எனக்குச் சோறு போடுகிற சாமான். அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

மகள் எழுதியது கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவைப் பற்றி. 2025 மார்ச்சில் நாங்கள் நாலு பேர் போயிருந்தோம். என் மாமியாருக்கு, அதாவது மகளின் அப்பத்தாவுக்கு, உடன்பிறந்த தங்கை ஒருவர் இலங்கையில் நெடுந்தீவில் இருக்கிறார். 1974இல் ஒப்பந்தம் போட்டுக் கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போவதற்கு முன்னால் வாக்கப்பட்டுப் போனவர். அக்காவும் தங்கையும் முகம் பார்த்துக்கொள்ள வருடத்தில் அந்த இரண்டு நாள்தான். கச்சத்தீவு யாரும் குடியிருக்காத தீவு. இரண்டு கரையிலிருந்தும் சனம் வந்து இறங்கி, ஒரு ராத்திரி தங்கி, காலைப் பூசை முடிந்ததும் திரும்பிவிட வேண்டும். 2023இல் பார்த்தார்கள். 2024இல் நம் மீனவர்களுக்கு இலங்கையில் சிறைத் தண்டனை கொடுத்ததைக் கண்டித்து இங்கிருந்து திருவிழாவையே புறக்கணித்தோம், அந்த வருடம் இல்லை. அப்புறம் 2025.

அன்று சாயங்காலம் கொடி ஏறியது, சிலுவைப் பாதை நடந்தது, ராத்திரி தேர் சுற்றியது. எங்கே பார்த்தாலும் சிரிப்பு, மைக் சத்தம், பிள்ளைகள் ஓட்டம். இந்தக் கிழவிகள் இரண்டு பேரும் ஒரு தார்ப்பாயில் உட்கார்ந்துகொண்டு இரண்டு வருடத்தில் யார் யார் செத்தார்கள் என்று விரல்விட்டு எண்ணினார்கள். நடுவில் எதையோ நினைத்துக்கொண்டு இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என்னவென்று கேட்டதற்குச் சொல்லவில்லை. இவர் பனங்கற்கண்டுப் பொட்டலம் கொடுத்தார், அவர் இரண்டு சந்தன சோப்பு கொடுத்தார். காலையில் அவர்கள் படகு முதலில் கிளம்பியது. எங்கள் படகு ஏறின பிறகு என் மாமியார், "நல்லா இருந்துச்சுடி திருவிழா" என்று சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். நம் கரை கண்ணில் படுகிற வரைக்கும் எடுக்கவில்லை.

இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிள்ளை என்ன எழுதியிருக்கிறது என்றால்: 'எவ்ரிபடி வாஸ் ஹேப்பி. பட் த ஹேப்பினஸ் வாஸ் ஹெவி, லைக் எ வெட் நெட்.'

ஈர வலை மாதிரி கனமான சந்தோஷம். மீன் பட்டாலும் வலை கனக்கும், வெறும் தண்ணீர் குடித்தாலும் கனக்கும். இழுக்கிறவன் கைக்கு மட்டும்தான் எது என்று தெரியும். இந்தக் கடற்கரையில் பிறந்த பதின்மூன்று வயசுப் பிள்ளைக்கு அந்த வரி தானாக வந்திருக்கிறது, அதுவும் ஆங்கிலத்தில். அந்த வரியில் நீங்கள் வட்டம் போட்டீர்கள். அதோடு விடாமல் வகுப்பில் எழுந்து நிற்க வைத்து வாசித்தும் காட்டினீர்கள். இரண்டு நாள் அவளை 'வெட் நெட்' என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.

நேரில் வந்து கேட்டேன். "ஃபெஸ்டிவல் மூடுக்குன்னு தனி வேர்ட்ஸ் இருக்குங்க. அதுல சோகம் வரக்கூடாது" என்று பதில் சொன்னீர்கள். சொன்னவர் மரியாதையாகத்தான் சொன்னார், உட்காரவும் சொன்னார். ஆனால் பதில் தவறு. 'ஹெவி ஹார்ட்' என்பது ஆங்கிலத்தில் தினமும் புழங்குவது. இனிப்பும் கசப்பும் கலந்ததற்கு 'பிட்டர்ஸ்வீட்' என்று ஒட்டிப் பிறந்த ஒரு சொல்லே அவர்களிடம் இருக்கிறது. சந்தோஷத்தில் பாரம் இருக்கக் கூடாது என்று ஆங்கிலம் சொல்லவில்லை, உங்கள் மஞ்சள் தாள்தான் சொல்கிறது.

சரி, தாளுக்கே வருகிறேன்.

அதில் முதல் சொல் 'ஃபெஸ்டிவ்'. எதிரே 'மகிழ்ச்சியான' என்று போட்டிருக்கிறீர்கள். இரண்டாவது 'ஜாயஸ்', மகிழ்ச்சியான. மூன்றாவது 'ஜூபிலண்ட்', மகிழ்ச்சியான. நான்காவது 'மெரி', அதற்கும் மகிழ்ச்சியான. இப்படியே பதினொரு சொல்லுக்கு ஒரே தமிழ். கடையில் பதினொரு டப்பா வைத்து எல்லாவற்றிலும் 'மசாலா' என்று ஒட்டி வைத்த மாதிரி இருக்கிறது. எதை எடுத்து எந்தக் குழம்பில் போடுவது என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? தெரியாமல்தான் என் மகளின் வகுப்பில் ஒரு பையன் 'மை அப்பத்தா வாஸ் ஃபெஸ்டிவ்' என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறான். ஃபெஸ்டிவ் என்பது தெருவுக்கும் பந்தலுக்கும் விளக்குக்கும் நாளுக்கும் பொருந்துகிற சொல். அப்பத்தாவுக்கு மாவிலைத் தோரணம் கட்டி சீரியல் பல்பு போட்டிருந்தால் ஒருவேளை சரி.

'ஜூபிலண்ட்' என்ற சொல்லின் வேர் லத்தீனில் குரல் எடுத்துக் கத்துவது. ஆனந்தத்தில் கூவுவது. நம் பெண்கள் குலவை போடுகிறார்களே, ஏறக்குறைய அது. ஜெயித்தவனுக்குத்தான் அது அதிகம் பொருந்தும். தொண்டிப் பக்கம் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும்போது, முதலில் வந்த படகிலிருந்து ஆட்கள் கரையில் குதித்து ஒருத்தரை ஒருத்தர் தோளில் தூக்கிக்கொள்வார்களே, அந்தக் கூட்டத்துக்கு ஜூபிலண்ட் என்று எழுதினால் அச்சாகப் பொருந்தும். நீங்கள் கொடுத்த மாதிரிக் கட்டுரையில் அதை எங்கே வைத்திருக்கிறீர்கள்? உத்தரகோசமங்கை ஆருத்ரா தரிசனத்தில். வருடம் முழுக்கச் சந்தனக் காப்புக்குள் இருக்கிற மரகத நடராசரை, மார்கழித் திருவாதிரையை ஒட்டிக் காப்புக் களைந்து பார்க்கிற ஒரே சமயம் அது. மணிக்கணக்கில் கால் கடுக்க வரிசையில் நகர்ந்து போய், அந்தப் பச்சை கண்ணில் பட்டதும் மனிதர்களுக்குப் பேச்சு நின்றுபோகிறது. நான் வேதக்காரிதான், ஆனாலும் பக்கத்து வீட்டு அக்காவோடு போய்ப் பார்த்திருக்கிறேன். அங்கே என் காதில் விழுந்தது மூச்சு மட்டும்தான். அதற்கு, சத்தம் அடங்கிப்போன என்ற பொருளில் 'ஹஷ்ட்' என்று ஒரு அருமையான சொல் இருக்கிறது, பயபக்தியான என்பதற்கு 'ரெவரண்ட்' இருக்கிறது. உங்கள் பட்டியலில் இரண்டும் இல்லை.

'எக்ஸூபரண்ட்' என்று ஒரு சொல் கொடுத்திருக்கிறீர்கள், மிகுந்த மகிழ்ச்சியான. நல்ல சொல், நானும் விரும்புகிற சொல். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு தடவை பிள்ளைகளிடம் சொல்லியிருந்தால் ஆயுசுக்கும் மறக்கமாட்டார்கள். லத்தீனில் 'ஊபர்' என்றால் மாட்டின் மடி. செழிப்பு என்றும் பொருள். மடி கொள்ளாமல் வழிகிறது, நிலம் கொள்ளாமல் விளைகிறது, அதுதான் எக்ஸூபரண்ட். செடி கொடி மண்டி வளர்வதற்கு இன்றைக்கும் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைச் சொல்வார்கள். நம் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் முளைப்பாரி போடுகிறோம். ஓட்டில் மண்ணும் எருவும் போட்டுப் பயறு விதைத்து, வெளிச்சம் படாத அறையில் வைத்து, ராத்திரி கும்மியடித்துக் காத்து, வெளியே எடுக்கும்போது வெளிர் மஞ்சளாக முழங்கை நீளத்துக்குப் பொங்கி நிற்குமே, அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் நடந்து வருகிறாளே, அந்த ஓட்டுக்கு முன்னால் பிள்ளையை நிறுத்தி 'இதுதான் எக்ஸூபரண்ட்' என்று சொல்லலாம். பயிரும் அதே, பாட்டும் அதே. இருபது நிமிடப் பாடம். பத்து ரூபாய்த் தாள் தேவைப்பட்டிருக்காது.

'மெரி'யை எடுத்துக்கொள்ளுங்கள். 1843இல் லண்டனில் அச்சடித்த முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையிலேயே கிறிஸ்துமஸுக்கு மெரி, புத்தாண்டுக்கு ஹேப்பி என்று பிரித்துத்தான் போட்டிருந்தது. அந்தப் பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது. பிறந்தநாளுக்கு யாரும் மெரி சொல்வதில்லை. 'பொங்கல் இஸ் எ மெரி ஃபெஸ்டிவல்' என்று மாதிரிக் கட்டுரையில் இருக்கிறது, இலக்கணப்படி தப்பில்லை, காதுக்குத்தான் உப்பில்லாத கஞ்சி. அதோடு இங்கிலாந்துக்காரர்கள் பேச்சில் மெரி என்றால் லேசாக ஏறியிருக்கிறது என்றும் ஒரு அர்த்தம் உண்டு. கச்சத்தீவுக்குச் சாராயம் கொண்டுபோகத் தடை. என் மகள் அங்கே எல்லாரும் மெரியாக இருந்தார்கள் என்று எழுதியிருந்தால் நீங்கள் பத்துக்குப் பத்து போட்டிருப்பீர்கள்!

'ஜோவியல்' இன்னும் சுவாரசியம். வியாழன் கிரகத்தின் பார்வையில் பிறந்தவன் கலகலப்பானவன் என்று பழைய காலத்து ஐரோப்பிய சோசியர்கள் நம்பியதிலிருந்து வந்தது. குரு பார்க்கக் கோடி நன்மை என்று வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தருவதைவிட எளிய காரியம் உண்டா? சொல்லிக் கொடுத்தால் அது பெரும்பாலும் ஒரு ஆளின் குணத்தைச் சொல்கிற சொல், திருவிழாவுக்கு அவ்வளவாகப் பொருந்தாது என்பதும் சேர்ந்தே புரிந்துவிடும். 'எக்ஸைட்டட்', 'எக்ஸைட்டிங்' இரண்டையும் ஒரே வரியில் போட்டு விட்டுவிட்டீர்கள். போட்டி எக்ஸைட்டிங், பார்த்தவன் எக்ஸைட்டட். இதைக்கூடச் சொல்லாததால்தான் 'ஐ வாஸ் எக்ஸைட்டிங்' என்று வகுப்பே எழுதுகிறது. ஜாலி என்று நினைத்துக்கொண்டு 'ஃபன்னி' என்று எழுதும் பிள்ளைகளும் பாதிப் பேர் இருப்பார்கள், 'த ஃபெஸ்டிவல் வாஸ் வெரி ஃபன்னி' என்றால் திருவிழா சிரிப்பாய்ச் சிரித்துவிட்டது என்று ஆகிவிடும். பட்டியலில் ஒன்பதாவதாக இருக்கும் 'கே' என்ற சொல்லுக்கு இன்று முதலில் எடுத்துக்கொள்ளும் பொருள் தன்பால் ஈர்ப்புள்ளவர் என்பது உங்களுக்கே தெரியும். அதில் கேவலம் எதுவும் இல்லை. ஆனால் 'மகிழ்ச்சியான' என்ற பழைய பொருளில் ஒரு பிள்ளையை எழுத வைத்து நாளைக்கு வெளியூர்க் கல்லூரியில் நாலு பேர் சிரிக்க விடாதீர்கள்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம் பிள்ளைகள் கொண்டாட்டத்தைத் தமிழில் நினைக்கும்போது அது பெயரடையாக வருவதே இல்லை. 'ஊரே களைகட்டிருச்சு' என்போம். 'சனம் ஜேஜேன்னு இருக்கு', 'தடபுடலா நடக்குது', 'வீடு கலகலன்னு இருக்கு', 'அமர்க்களப்படுத்திட்டாய்ங்க'. எல்லாம் அசைவு, எல்லாம் சத்தம். இதை மனதில் வைத்திருக்கிற பிள்ளையிடம் மஞ்சள் தாளை நீட்டினால், ஜேஜே என்பதை எங்கே தேடும்? அங்கே இருப்பதில் பெரிதாகத் தெரிகிற சொல்லை எடுத்து அப்பிவிட்டு வந்துவிடும். அதற்கும் ஆங்கிலத்தில் வழி இருக்கிறது. தெரு 'பஸ்ஸிங்' என்பார்கள், தேனீக் கூட்டின் ரீங்காரம். கூட்டத்தால் வழிந்தால் 'த்ராங்ட்'. ஏர்வாடி தர்கா சந்தனக்கூட்டுக்கு மதம் பார்க்காமல் வந்து உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுகிறார்களே, அதற்கு 'கன்விவியல்'. லத்தீனில் விருந்து என்று பொருள், கூடி வாழ்வது என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. பல சமயம் பெயரடையே தேவைப்படாது. கிழவி முந்தானையால் முகத்தை மூடினாள் என்று எழுதிவிட்டால் போதும்.

ஜூன் 15ஐயும் நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் இறங்குகிற நேரம். எங்களுக்கு அதுவும் திருவிழாதான். புதுப் பெயிண்ட், படகின் முன்முனையான அணியத்தில் மாலை, ஐஸ் ஏற்றுகிற சத்தம், டீசல் வாடை. கரையில் நிற்கிற பெண்கள் சிரித்துக்கொண்டேதான் கையசைப்பார்கள், எந்தப் படகு திரும்பி வரும், எது பிடிபடும் என்ற கணக்கும் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். அந்த முகத்துக்கு உங்கள் இருபத்து நான்கில் ஒரு சொல் எடுத்துக் கொடுங்கள் பார்ப்போம். உங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அந்த முகத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

இதனால் நான் கேட்பவை.

என் மகளின் அந்த விடையை இன்னொரு ஆசிரியர் திரும்பத் திருத்த வேண்டும். எழுத்துப்பிழை இருந்தால் தாராளமாகக் குறையுங்கள், இருக்கிறது, நானே மூன்று பார்த்தேன். ஆனால் 'ஹெவி'க்குக் குறைத்ததைத் திருப்பித் தர வேண்டும். அவளை வகுப்பில் நிற்க வைத்தது போல, அந்த வரி சரி என்பதையும் அதே வகுப்பில் சொல்ல வேண்டும்.

பட்டியலுக்கு வெளியே எழுதினால் பாதி மதிப்பெண் என்ற சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். பட்டியலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அது ஆளுக்கா, கூட்டத்துக்கா, இடத்துக்கா, எந்த நேரத்துக்கு என்று நம் ஊர் உதாரணம் ஒன்றோடு எழுதுங்கள். கேட்டால் நானே சும்மா தட்டச்சு செய்து தருகிறேன், பத்து ரூபாய் வாங்கவேண்டியதில்லை.

மாதிரிக் கட்டுரைகளை மாற்றுங்கள். முளைப்பாரி, குலவை, சந்தனக்கூடு, கும்மி ஆகியவற்றைப் பிள்ளைகள் அப்படியே எழுதி, பக்கத்தில் ஒரு வரி ஆங்கில விளக்கம் கொடுக்க அனுமதியுங்கள். போன தேர்வில் 'முளைப்பாரி' என்று எழுதியதை அடித்துவிட்டு 'பிளாண்ட்ஸ்' என்று திருத்தியிருந்தீர்கள், அந்தப் பிள்ளையின் அம்மாவும் என் கடைக்கு வந்து காட்டினார்.

ஆறாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு வகுப்பறையிலும் சொற்பயன்பாட்டுக்கு எடுத்துக்காட்டு கொடுக்கிற ஒரு நல்ல ஆங்கில அகராதி வையுங்கள். வருடா வருடம் நூலகக் கட்டணம் கட்டுகிறோம்.

இந்த மடலுக்கு அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் எழுத்தில் பதில் வேண்டும். தமிழிலோ ஆங்கிலத்திலோ, உங்கள் விருப்பம்.

கடைசியாக, பார்த்துவிட்டுத் திருப்பி வாங்கி வைத்துக்கொண்ட அந்த விடைத்தாளில் கட்டுரை இருக்கிற பக்கத்தை மட்டும் எங்களிடம் கொடுத்துவிடுங்கள். நகல் இல்லை, அசல். பேத்தி தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாள் என்று தெரிந்ததிலிருந்து என் மாமியார் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அடுத்த திருவிழாவுக்குப் போகும்போது தங்கச்சியிடம் காட்ட வேண்டுமாம். படகில் தண்ணீர் தெறிக்கும், லேமினேஷன் என் கடையிலேயே போட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா
தங்கச்சிமடம்